மூன்று நொடி பரவாயில்லை

என் மச்சினனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவன் நான்தான். பெண் பார்க்கப் போன நாளிலேயே பேசிப் பேசி என் உயிரை வாங்கியவன். ஆனால் எங்கள் பிழைப்பே அந்த வாயை நம்பித்தான் ஓடியது. நான் நூற்றைம்பது அடி உயரத்தில் கிரேன் ஓட்டுபவன். அவன் கீழே சிக்னல்காரன். சுவருக்குப் பின்னால் இறக்கும்போது எனக்கு ஒன்றும் தெரியாது. “இறக்கு, இறக்கு” என்று அவன் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும்வரை இறக்குவேன். குரல் நின்றால் என் கையும் நிற்கும். தொங்கும் சுமைக்கு அடியில் கைவைக்க வேண்டுமா, வாயை மூடிக்கொள்வான், அவ்வளவுதான். ஆறு வருடமாக இதுதான் எங்கள் கணக்கு.

பழைய வாக்கி டாக்கி பாதி வேலையில் சார்ஜ் போய் மானத்தை வாங்கியது. போனிலேயே பட்டனை அழுத்திப் பேசுகிற வசதி வந்திருக்கிறதாமே, அதைக் கொடுங்கள் என்று இன்ஜினியரிடம் தொண்டை கிழியக் கத்தியவனும் நான்தான். அன்று காலை கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து எல்லோர் போனிலும் ஏற்றிக் கொடுத்தாள்.

“போன் சிக்னல் விட்டுப்போனாலும் உங்க பேச்சு தொலையாது சார். சேத்து வச்சிருந்து, சிக்னல் வந்ததும் கொடுத்துடும்.”

“இதல்லவா வேலை,” என்றேன்.

மக்களுக்கு இது எவ்வளவு தேவை என்று ஒரு சர்வே தாளும் நீட்டினாள். வாங்குவீர்களா? கண்டிப்பாக. பேச்சு வந்துசேர எவ்வளவு தாமதமானால் பரவாயில்லை? அரை நொடி, ஒரு நொடி, மூன்று நொடி. மூன்று நொடியில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று மூன்றில் டிக் போட்டுவிட்டு ஏணி ஏறினேன்.

காலை முழுக்கத் திறந்த இடத்தில் வேலை. குரல் கணீரென்று வந்தது. மதியத்துக்குச் சற்று முன் லிஃப்ட் குழிக்குள் இரண்டு டன் கான்கிரீட் பலகையை இறக்க வேண்டியிருந்தது. நாலு பக்கமும் சுவர்.

“இறக்கு மாமா, இறக்கு, இறக்கு...”

குரல் அறுந்தது. கையை நிறுத்தினேன். காத்திருந்தேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

“இறக்கு, இறக்கு, இறக்கு...”

மறுபடி வந்துவிட்டான். லீவரைத் தள்ளினேன். அவன் குரலுக்குப் பின்னால் கலவை மிஷினின் கடகடப்பு கேட்டது. தற்செயலாக முற்றத்தைப் பார்த்தேன். கலவை மிஷின் சுற்றவில்லை. அதை ஓட்டுபவன் பக்கத்தில் குந்தி முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

மிஷின் நின்றிருக்கிறது. அப்படியென்றால் இந்தச் சத்தம் எப்போதையது? இந்தக் குரல் எப்போதையது?

லீவரை இழுத்து நிறுத்தினேன். அதற்குப் பிறகும் போன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது: “இறக்கு, இறக்கு.” பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒரு அலறல்.

“நிறுத்து மாமா! காலு! காலு!”

இதுவும் பழையதுதான். நான் நிறுத்துவதற்கு முன்னா, பின்னா? தூக்கலாமா? எது எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் தூக்கினால் என்ன ஆகும்? பட்டனை அழுத்தினேன். வேறொருவர் பேசுகிறார், பொறுங்கள் என்றது போன். அவன் அக்காவிடம் என்ன சொல்வேன்? ஐயோ, நான்தானே கேட்டு வாங்கினேன்.

சுவரைச் சுற்றிக்கொண்டு நொண்டியபடி ஒருவன் வெளியே வந்தான். இரண்டு கையையும் அகல விரித்து, நிறுத்து என்று எனக்குக் காட்டினான். ரேடியோதான். ஒரு காலில் பூட்ஸ் இல்லை.

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. குழிக்குள் ஒரு செங்கல் துண்டு கிடந்ததாம். வாயை மூடிக்கொண்டான், பலகையும் நின்றது. நம்பிக் காலை விட்டுத் தள்ளியிருக்கிறான். அவன் முன்னால் சொன்ன “இறக்கு” அப்போதுதான் மேலே எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பூட்ஸின் நுனி பலகைக்கு அடியில் சிக்கியது. விரல்கள் பிழைத்தது எனக்கு இன்னும் நம்ப முடியாத விஷயம்.

கடப்பாரையால் நெம்பி எடுத்த நசுங்கிய பூட்ஸோடு ஆபீஸ் அறைக்குப் போனேன். ரேடியோ பின்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். அந்தப் பெண் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“என் தாளைக் கொடும்மா.”

“எல்லாத்தையும் சேத்தாச்சு சார். முக்காவாசிப் பேர் உங்கள மாதிரிதான் போட்டிருக்காங்க. மூணு நொடி யாருக்கும் பெரிசா தெரியாது.”

பூட்ஸை அவள் மேசைமேல் வைத்தேன்.

“ஒண்ணு,” என்றேன். பொறுத்தேன். அவள் பூட்ஸைப் பார்த்தாள்.

“ரெண்டு.” அவள் பார்வை பெஞ்சுப் பக்கம் போனது. ரேடியோ வெறுங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

மூன்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.