கொம்பா, வளையமா?

வைரவனின் தங்கச்சி பானுப்பிரியாவின் மகளுக்கு ஐந்து வயது முடிந்தும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. அந்த மடியோ ஷார்ஜாவில், தைதுப் பக்கம் ஒரு பேரீச்சந்தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை கிடாய்க்கு அச்சாரம் கொடுத்தும், லீவு கிடைக்காமல் நின்றுபோயிற்று. மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலில் வைத்தது மூன்றாவது தேதி.

“அண்ணே, இந்தத் தடவையும் வரலேன்னா நம்ம சித்தப்பா மகன் மடியில உக்கார வச்சுருவேன். பெறகு மாமன்னு சொல்லிக்கிட்டு என் வாசப்படி மிதிக்காத” என்று போனில் சொல்லிவிட்டாள். சித்தப்பா மகன் பேரைக் கேட்டாலே வைரவனுக்கு ஆகாது. வரப்புத் தகராறு.

தோட்டத்து முதலாளியான அர்பாப் லீவு இல்லை என்று சொல்லவில்லை. “முதல்ல துப்பாக்கி, பெறகு லீவு” என்றார். அறுபத்துமூன்று வயது மனிதர். அடுத்த மாதம் நமீபியாவில் மான் வேட்டை. அதற்காக முறைப்படி லைசென்ஸ் வாங்கி, அமெரிக்காவிலிருந்து லீவர் துப்பாக்கி ஒன்று வரவழைத்திருந்தார். லென்ஸ் வைத்துச் சுடுவது ஆண்பிள்ளைக்கு அழகில்லையாம். குழல்மேல் மாட்டிக் கண்ணை வைத்துப் பார்க்கிற இரும்புக் குறிதான் வேண்டுமாம். எந்த இரும்பு என்பதில் பதினைந்து நாளாக இழுபறி.

வேட்டைச் சாமான் கடையில் விற்பனையாளராக இருக்கும் கீழக்கரை கௌஸ் முகைதீன் இரண்டு டப்பாக்களை வைரவன் கையில் கொடுத்தனுப்பினார். ஒன்றில் பச்சைப் புள்ளி வைத்த தட்டைக் குறி. இன்னொன்றில் வெறும் வளையம். துப்பாக்கியோடு வந்தது கொம்புக் குறி. இரண்டு கொம்பு வளைந்து நிற்க, நடுவில் பொடிக் குழி.

“வளையத்தையே மாட்டச் சொல்லு, வைரவா. வயசான கண்ணுக்குக் கிட்டத்துல இருக்குற குழி மங்கிப்போகும். வளையத்தைப் பாக்கவே வேணாம். அது வழியா குழல் நுனியில உள்ள மணியைப் பாத்தாப் போதும். ஆனா வயசான கண்ணுன்னு வாயைத் தொறந்துறாதே.”

“நான் எதுக்கு பாய் தொறக்குறேன்? எனக்கு மருமக காது தொறந்தாப் போதும்.”

அர்பாப் தட்டைக் குறியை டப்பாவைத் திறந்ததுமே மூடினார். ரோலா கடைத்தெரு பொம்மை மாதிரி இருக்கிறதாம். வளையத்தைக் கையில் வாங்கி, “இது நட்டுக்கு அடியில போடுற வாஷர்” என்றார். கொம்புதான் அழகு, கொம்பிலேயே சுடுவேன் என்று தோட்டத்துக் கடைசி மண்மேட்டுக்குப் போனார்.

ஐம்பது மீட்டரில் மரச்சட்டம், அதில் காகிதம். அர்பாப் லீவரை இறக்கி ஏற்றி மூன்று வெடி வெடித்தார். மண்மேட்டில் மூன்று இடத்தில் புழுதி கிளம்பியது. வைரவன் நடந்துபோய்ப் பார்த்தான். காகிதம் கடையில் வாங்கியபடியே இருந்தது. ஒரு கீறல் கூட இல்லை, பாவி மனுஷன்!

இப்படியே போனால் பிள்ளைக்குக் கல்யாணத்தன்றுதான் காது குத்தவேண்டும். சட்டத்துக்குப் பின்னால் குனிந்தான். பையில் சொட்டுநீர்க் குழாய் மாட்டுகிற ஸ்குரூடிரைவர் இருந்தது. நடுவட்டத்தில் அடுத்தடுத்து மூன்று குத்து குத்தினான்.

காகிதத்தை வாங்கிய அர்பாப் வெகுநேரம் பார்த்தார். “மாஷா அல்லாஹ்” என்றார். “கலாஸ், முடிஞ்சுது. கொம்புதான். நாளைக்கே உனக்கு டிக்கெட் போடச் சொல்றேன்.”

வைரவன் அன்றிரவே தங்கச்சிக்குச் சொல்லிவிட்டான். அவள் அழுதாள். இவனும் கொஞ்சம் அழுதான்.

மறுநாள் காலை அர்பாப் வந்து, டிக்கெட் நமீபியாவுக்கு என்றார். “நீ காகிதம் ஒட்டினா குண்டு நடுவுல விழுது. கைராசிக்காரன். நீயும் வா. ஊருக்கு அதுக்கப்புறம் போ.”

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், சுட்டுவிட்டது. பொத்திவைத்தால் சிவராத்திரி தாண்டி, தங்கச்சி உறவு போய்விடும். சொன்னால் வேலை போய்விடும். வைரவன் உச்சி வெயில் வரைக்கும் ஒரே பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சினான். அது குளமாயிற்று. குழாயை மூடிவிட்டு நேராக அர்பாப் ஆட்களைப் பார்க்கிற கூடமான மஜ்லிஸுக்குப் போனான். நல்லவேளை, அர்பாப் தனியாக இருந்தார். காகிதம் எதிரே சுவரில் ஒட்டியிருந்தது.

“அர்பாப், அந்த ஓட்டை குண்டு இல்ல. நான் குத்துனது.” ஸ்குரூடிரைவரை எடுத்து மேசையில் வைத்தான்.

அர்பாப் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கொட்டையை நீக்கி மென்றார்.

“தெரியும்” என்றார். “காகிதம் என் பக்கமாப் பிதுங்கியிருந்துச்சு. நாப்பது வருஷமாச் சுடுறேன். பின்னாலேர்ந்து வர்ற குண்டை நான் இன்னும் பாத்ததில்ல.”

“பெறகு ஏன் அர்பாப்...?”

“என் மகன்கள் உக்காந்த இடத்துலேர்ந்தே நல்ல குறின்னு சொல்றாங்க. நீ ஒருத்தன்தான் ஐம்பது மீட்டர் நடந்து பொய் சொன்னே. நீ எத்தனை நாள் தாங்குறேன்னு பாத்தேன்.” கொட்டையைத் தட்டில் போட்டார். “அந்த வாஷரை எடுத்துட்டு வா.”

அந்த ஸ்குரூடிரைவராலேயே வளையத்தை மாட்டினார்கள். குழி என்று ஒன்று இல்லாததால் மங்குவதற்கும் ஒன்றுமில்லை. மூன்று வெடி. இந்தத் தடவை காகிதத்தைப் பார்க்க அர்பாபே நடந்தார். வைரவனைச் சட்டத்திலிருந்து பத்தடி தள்ளி நிற்கவைத்தார். இரண்டு குண்டு நடுவில், ஒன்று ஓரத்தில். மூன்றும் பின்பக்கமாகப் பிதுங்கியிருந்தன. ஓரத்து ஓட்டையில்தான் அவருக்குச் சந்தோஷம் அதிகம். அதைப் பல தடவை தடவிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது போனை எடுத்து, டிக்கெட்டை மதுரைக்கு மாற்றச் சொன்னார். வைரவன் நன்றி சொல்ல வாயெடுத்தான்.

அர்பாப் கையமர்த்தினார். “ஊர்ல என்ன விசேஷம்?”

“தங்கச்சி மக காதுல ஓட்டை போடுறாங்க அர்பாப்.”

அர்பாப் நின்றுவிட்டார். “நீயா போடுறே?”

“இல்ல அர்பாப். ஆசாரி போடுவாரு. நான் மடியில புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், அவ்வளவுதான்.”

“முன்னாலேர்ந்தா, பின்னாலேர்ந்தா?”

“முன்னாலேர்ந்துதான் அர்பாப்.”

“நல்லது. போயிட்டு வா” என்றார். கையை நீட்டி ஸ்குரூடிரைவரைத் திருப்பித் தந்தவர், என்ன நினைத்தாரோ, மறுபடி வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.