அலாரம் பாஸ்டர் கேட்ட ஜெபம்

"மூடிடலாமா பாஸ்டர்?" என்று பெட்டிக்காரர் கேட்டதற்குப் பெரியவன் தலையை ஆட்டிவிட்டான். அடக்க ஆராதனையை அவனே முன்னின்று, வரிசை தவறாமல் முடித்திருந்தான். பெட்டிக்குள் அம்மா, சலவைக் கடையில் ஆயுள் முழுக்க இஸ்திரி போட்ட கைகளை மார்பில் கோத்தபடி, சின்னதாகிக் கிடந்தாள்.

"ஒரு நிமிஷம் அண்ணா," என்று தம்பி முன்னால் வந்தான். அம்மாவின் நெற்றியில் கையை வைத்தான்.

வந்துட்டான்யா, என்று பெரியவன் கையிலிருந்த வேதப்புத்தகத்தைப் பட்டென்று மூடினான்.

நாற்காலிகள் கிறீச்சிட, கூட்டம் எழுந்து நின்றது. தையல்காரம்மா முண்டியடித்துக்கொண்டு பெட்டியருகே வந்தாள். போன வருடம் சின்னவன் கை வைத்த அன்றுதான் அவளுடைய மடங்காத முழங்கால் மடங்கியது. "எழுப்புங்க சின்ன பாஸ்டர்! உங்களால முடியும்!" என்றாள்.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே சபையில்தான் ஊழியம் செய்தார்கள். மழையோ காய்ச்சலோ, காலை ஐந்து மணிக்குப் பெரியவன் முழங்காலில் இருப்பான். வாலிபர்கள் அவனுக்கு அலாரம் பாஸ்டர் என்று பேர் வைத்திருந்தார்கள். சின்னவனோ வெயில் ஏறும்வரை போர்வைக்குள் கிடப்பான். உபவாச நாளில் மத்தியானமே பிஸ்கட் தேடுவான். ஆனால் மேடையேறிக் கையை நீட்டினால் போதும், ஜனம் சரிந்து விழும், கதறி அழும், சுகமாகி வீட்டுக்குப் போகும். பெரியவன் ஜெபித்து ஒருவரும் விழுந்ததில்லை. கொட்டாவிதான் விட்டார்கள்.

"முட்டி தேயுறது எனக்கு, வல்லமை அவனுக்கா? என்ன நியாயம் இது?" என்று மனைவியிடம் பொருமுவான்.

"அதை ஆண்டவர்கிட்ட கேளுங்க. என்கிட்ட எதுக்குச் சண்டைக்கு வர்றீங்க?" என்பாள் அவள்.

அம்மா படுக்கையில் விழுந்தபின் சாயங்காலமெல்லாம் பெரியவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தான். ஒருநாள் அவள், "நீ ஜெபம் பண்ணா நல்லா தூக்கம் வருதுடா," என்றாள். அவன் முகம் செத்துப்போயிற்று.

"வலியில கண்ணே மூடாதவங்க தூக்கம் வருதுன்னு சொல்றாங்க. இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி. அது அவன் காதில் ஏறவில்லை. சின்னவன் ஜெபித்தபோது அம்மா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாளாம். அது மட்டும் நன்றாக ஏறியிருந்தது.

நேற்று விடிகாலை அவள் உயிர் போகும்போதும் அவன் ஜெப அறையைத் தாழிட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கதவை யாரும் தட்டக் கூடாது என்பது அவனே போட்ட சட்டம். வெளியே வந்து பார்த்தால் அம்மாவின் கை சின்னவனின் கைக்குள் இருந்தது. ஒருநாளும் விடியலைப் பார்க்காதவன், அன்று பார்த்து விழித்திருந்தான். அம்மாவின் கடைசி மூச்சும் அவனுக்குத்தானா? பெரியவனுக்கு அழுகைகூடச் சரியாக வரவில்லை. அவ்வளவு பொறாமை.

"அம்மா, எழுந்திரு," என்றான் சின்னவன் இப்போது. கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது.

எழுந்துவிட்டால்?

கண் திறந்ததும் முதலில் அவனைத்தான் பார்ப்பாள். நாளைக்கு ஊரே சின்னவன் வாசலில் நிற்கும். அப்புறம் தன் ஜெபக் கூட்டத்துக்கு ஈ காக்கை வராது. பெரியவன் அம்மாவின் இமைகளையே பார்த்தான். ஏதோ அசைந்தது. மின்விசிறிக் காற்றில் நரைமுடி ஒன்று புரண்டதுதான். அதற்குள் அவன் உள்ளுக்குள் அலறிவிட்டான். ஆண்டவரே, வேண்டாம். வேண்டாம் ஆண்டவரே.

உடம்பெல்லாம் நடுங்கியது. கண்ணீர் பொங்கி வழிந்தது. இத்தனை வருடக் காலைகளில் ஒருநாளாவது வராதா என்று அவன் ஏங்கிக் கிடந்த நடுக்கம் அது. ஐயோ, இதற்கா வர வேண்டும்?

"பெரிய பாஸ்டரைப் பாருங்க! ஆவியானவரோட அபிஷேகம் இறங்குது!" என்று தையல்காரம்மா கூவினாள்.

சின்னவன் சட்டென்று திரும்பி, அண்ணனின் கையை இழுத்து அம்மாவின் நெற்றியில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டான். "நீ கேளு அண்ணா. எனக்கு அந்த வல்லமை என்னைக்கு வரும், என்னைக்கு வராதுன்னு எனக்கே தெரியாது. பயமா இருக்கு. நீ தினமும் அவர்கிட்ட பேசுறவன். நீ கேட்டா தருவாரு," என்று காதோடு சொன்னான்.

நெற்றி சில்லென்று இருந்தது. இருவரும் அப்படியே நின்றார்கள். யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சின்னவன் அண்ணனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினான்.

"கேட்டியா அண்ணா?"

"கேட்டேன்."

"மனசாரத்தானே?"

"மனசாரத்தான்."

"அப்ப சரி. நீ கேட்டும் தரலன்னா, அவரோட சித்தம் அதுதான்." சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தான்.

பெட்டிக்காரர் மூடியை வைத்து, மூலைகளில் திருகாணிகளைச் செருகினார். மூத்த மகன் என்று ஸ்க்ரூ டிரைவரை அவனிடம் நீட்டினார். பெரியவன் ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டு வந்தான். கடைசி மூலையில் குனிந்தவன் நிமிரவில்லை.

"விடுங்க பாஸ்டர், போதும்," என்று பெட்டிக்காரர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "இன்னும் இறுக்கினா பலகை பிளந்துடும்."