விரித்து வைத்த கட்டில்

கோட்டும் டையும் போட்டு, கையில் இரண்டு சீப்பு வாழைப்பழமும் பிடித்துக்கொண்டு, யோசேப் அன்று காலை பஸ்ஸடியில் வந்து நின்றான். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊரில் டெனிஷ் படிக்கிற தமிழருக்கு மொழிப் பள்ளிக்கூடம் ஒழுங்கு செய்த பஸ் அது. தெற்கே, ஜெர்மன் எல்லைக்குக் கிட்ட, பிர்கித்த என்ற பெரிய நாவலாசிரியையின் வீட்டுக்குப் போகிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் பாணுக்குள் சம்பலை வைத்துச் சுற்றிக் கட்டிக்கொண்டு, உல்லாசப் பயணத்துக்கு வந்த மாதிரி வந்திருந்தார்கள்.

"என்ன அண்ணை, பொம்பிளை பாக்கவே வெளிக்கிட்டனியள்?" என்றான் றொபேட். யோசேப்போடு ஒரே வீட்டில் இருந்து, ஒரே தொழிற்சாலையில் பன்றி இறைச்சி வெட்டுகிற பொடியன். வாய் கொஞ்சம் நீளம்.

"பெரிய ஆள் ஒராளின்ரை வீட்டுக்குப் போகேக்கை வெறுங்கையோடை போறதே? சும்மா இரு தம்பி."

இவ்வளவுக்கும் அந்த நாவலாசிரியை செத்து முப்பது வருடம். பஸ்ஸில் அது தெரியாத ஒரே ஆள் யோசேப்தான். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கோ, ஆனால் அவனைக் குறை சொல்லாதேயுங்கோ. ரீச்சர் கிர்ஸ்டன் சொன்னது, "வெள்ளிக்கிழமை பிர்கித்தவின் வீட்டுக்குப் போகிறோம், அங்கே கோப்பியும் கேக்கும் இருக்கும்" என்று. வகுப்புச் சுவரில் அந்த அம்மையாரின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. பிர்கித்தவுக்கு ரோசாப்பூப் பிடிக்கும், பிர்கித்த இப்படிச் சொல்கிறார், அப்படிச் சொல்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிக் கதைக்கிற மாதிரித்தான் கிர்ஸ்டன் கதைத்தாள். எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்குப் போகிறோம் என்றால் அவரைப் பார்க்கத்தானே போகிறோம்? செத்த ஆளின் வீட்டைச் சோடித்து வைத்து ஆர் காட்டுகிறார்கள்? முப்பத்தோராம் நாள் பூசை முடிய முன்னமே பிள்ளைகள் சண்டை பிடித்துக் கதவு நிலையையும் கழற்றிப் பங்கு போட்டிருப்பார்கள்.

யோசேப்பின் காதில் விழுந்து அப்படியே ஒட்டிக்கொண்ட விசயம் வேறொன்று. யுத்தகாலத்தில் இந்த அம்மையார் மந்திரிக்குக் கடிதம் எழுதி, மறியல் வீட்டில் அடைபட்டுக் கிடந்தவர்களை வெளியில் எடுத்துவிட்டிருக்கிறா என்று ஒருநாள் கிர்ஸ்டன் பாடத்துக்கு நடுவில் சொல்லியிருந்தாள். அன்றைக்கே அவன் முடிவெடுத்துவிட்டான்.

அவனுடைய மனைவி அருள்நாயகியும் நாலு வயது மகள் ஸ்ரெபானியும் யாழ்ப்பாணத்தில் ஒரு மாதா கோயிலுக்குள் கிடந்தார்கள். சண்டையில் வீடு போய்விட்டது. அவர்களை இங்கே கூப்பிட அவன் விண்ணப்பம் போட்டு வருடம் ஒன்றுக்கு மேல். அலுவலகத்துக்குப் போன் எடுத்தால் "பொறுத்திருங்கள், வரிசைப்படி நடக்கும்" என்ற ஒரே பதில். ஊரில் என்றால் இப்படி ஒரு அலுவல் இழுபட்டால் ஆட்களுக்கு என்ன செய்வது என்று தெரியும். பங்குச் சுவாமியையோ எம்.பி.யையோ பிடிப்பார்கள். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் போய் நிற்பார்கள். பெரிய ஆள் ஒரு சொல்லுச் சொன்னால் அலுவல் நகரும். டென்மார்க்கில் யோசேப்புக்கு எந்தப் பெரிய ஆளைத் தெரியும்? சுவரில் சிரித்துக்கொண்டிருந்த இந்த ஒருத்தியைத்தான் தெரியும்.

ஒரு கிழமையாகக் குளிக்கிற இடத்தில் நின்று டெனிஷில் பாடமாக்கினான். 'என் மனைவி. என் மகள். அங்கே சண்டை. நீங்கள் தயவுசெய்து மந்திரிக்குச் சொல்லுங்கள்.' கோட்டுப் பொக்கற்றில் இரண்டு பேரின் படமும் இருந்தது.

வைக்கோல் கூரை போட்ட வெள்ளை வீடு. வாசலில் ரோசா. இங்கர் என்ற, நரைத்த தலையும் இடுப்பில் திறப்புக் கோர்வையுமாக நின்ற ஒரு பெண் கதவைத் திறந்தாள். வீட்டைப் பராமரிக்கிறவள் அவள்தான்.

"அம்மையார் எங்கே?" என்று யோசேப் டெனிஷில் கேட்டான்.

இங்கர் கண்ணை மூடித் திறந்து, "அவர் இந்த வீடு முழுக்க இருக்கிறார்" என்றாள்.

கண்டறியாத கதை! ஆனால் யோசேப் அதை நம்பினான். அறை அறையாக டையை நேராக்கிக்கொண்டு போனான். எழுதுகிற மேசையில் மூக்குக்கண்ணாடி விரிந்தபடி கிடந்தது. பேனை மூடியில்லாமல் கிடந்தது. கோப்பையும் தட்டும் இருந்தன. மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. மனிசி பின்பக்கம் தோட்டத்துக்குப் போயிருப்பா, இப்ப வந்துவிடுவா என்று நினைத்தான். வாழைப்பழத்தை வலக்கையில் இருந்து இடக்கைக்கு மாற்றினான். வணக்கம் சொல்ல வலக்கை வேண்டுமே.

கடைசியாக ஒரு சின்ன அறை. அதில் வெள்ளை விரிப்பு விரித்த கட்டில், போர்வையின் ஒரு மூலை மடித்து விடப்பட்டிருந்தது. துவாய், கூசா நிறையத் தண்ணீர், கட்டிலுக்குக் கீழே ஒரு சோடி செருப்பு. இங்கர் குரலைத் தாழ்த்திக்கொண்டு நிறையக் கதைத்தாள். றொபேட்டின் முகம் மாறியது.

"என்னடா சொல்லுறா?"

றொபேட் அவனுடைய கையில் இருந்த வாழைப்பழத்தைப் பார்த்தான். அந்த நீள வாய்க்காரனுக்கும் அன்றைக்குப் பகிடி வரவில்லை. "அண்ணை, அந்த மனிசி செத்து முப்பது வருசமெல்லே. இது அவ வைச்சிருந்த விருந்தாளி அறையாம். அந்தக் காலத்து ஜெர்மன் யுத்தத்திலை ஓடி வந்த சனத்தை இதிலைதான் படுக்க விட்டவவாம். இந்த வீட்டு வாசலுக்கு வந்த ஒருத்தரையும் திருப்பி அனுப்பினதில்லையாம். அதாலை அண்டைக்கு இருந்த மாதிரியே வைச்சிருக்கினமாம். கிழமைக்குக் கிழமை விரிப்புத் தோய்க்கினமாம், ஒவ்வொரு நாள் விடியவும் தண்ணி மாத்தினமாம்."

யோசேப்புக்கு முதலில் வெட்கம் வந்தது. ஒரு கிழமையாகச் செத்தவளுக்கு டெனிஷ் பாடமாக்கியிருக்கிறான்! பிறகு அந்தத் தண்ணீர்க் கூசாவைப் பார்த்தான். அருள்நாயகி ஒரு வாளித் தண்ணீருக்குக் கோயில் கிணற்றடியில் விடியற்காலையில் இருந்து வரிசையில் நிற்கிறாள். இங்கே செத்தவளின் விருந்தாளிக்கு, வராத விருந்தாளிக்கு, ஒவ்வொரு நாளும் புதுத் தண்ணீர்.

"இதில் யார் படுக்கிறது?" என்று இங்கரிடம் கேட்டான்.

"யாரும் படுப்பதில்லை" என்றாள் இங்கர், சிரித்துக்கொண்டு.

"யாரும் இல்லையா?"

"யாரும் இல்லை."

யோசேப் வாழைப்பழத்தை நிலத்தில் வைத்தான். குனிந்து சப்பாத்தைக் கழற்றி, சோடியாகச் சுவரோரம் வைத்தான். பொக்கற்றில் இருந்த படத்தை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, கோட்டோடும் டையோடும் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டான்.

"ஐயோ, இந்த மனிசனுக்கு விசரே!" என்று பின்னுக்கிருந்து யாரோ கத்தினார்கள். கிர்ஸ்டன் சிவந்துபோய், "யோசேப், யோசேப்" என்றாள். இங்கருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என் மனைவி. என் மகள். இவர்கள் வரும்வரைக்கும் நான் இங்கே படுப்பேன்" என்றான் யோசேப், முகட்டைப் பார்த்தபடி. "இந்த வீட்டில் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை."

ஒரு வருடமாகப் படித்த டெனிஷில் அன்றைக்குத்தான் ஒரு பிழையும் இல்லாமல் கதைத்தான்.

இங்கர், இது தேசத்தின் சொத்து, உடனே எழும்பாவிட்டால் பொலிசுக்குப் போன் எடுப்பேன் என்றாள். எடுக்கவும் போனாள். யோசேப் அசையவில்லை. பொலிஸ் வரட்டும், பேப்பர்காரன் வரட்டும், எல்லோரும் வந்து கேட்கட்டும் என்றுதான் கிடந்தான். அவனை எழுப்பியது சொந்தச் சனம்.

"அண்ணை, பொலிஸ் வந்தா உங்கடை ஃபைலிலை எழுதிப்போடுவாங்கள்" என்று றொபேட் காதடியில் குனிந்தான். "பிறகு அக்காவும் பிள்ளையும் இந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்க ஏலாது. எங்கடை கேசுகளையும் சேத்துக் கெடுக்காதேங்கோ. எனக்கும் அம்மா அங்கை. உங்களைக் கும்பிட்டன், எழும்புங்கோ."

ஃபைல் என்ற சொல் கேட்டதும் யோசேப் றொபேட்டைத் திரும்பிப் பார்த்தான். யாரோ ஒரு அதிகாரி தன் பெயர் எழுதிய ஃபைலைத் திறந்து, 'இவன் குழப்படிக்காரன்' என்று எழுதுவது கண்ணுக்குத் தெரிந்தது. எழும்பினான். சப்பாத்தைப் போட்டான். விரிப்பில் விழுந்த சுருக்கத்தைத் தன் கையாலேயே நீவி, தலையணையைத் தட்டி, போர்வையின் மூலையை முன்பு இருந்த மாதிரியே மடித்து விட்டான். இங்கருக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "மன்னியுங்கள். கோப்பிக்கு நன்றி. போய் வருகிறேன்" என்றான். கோப்பியை அவன் தொடவே இல்லை.

திரும்பும் வழியில், றொபேட் எடுத்துக்கொண்டு வந்த வாழைப்பழத்தைப் பஸ்ஸில் இருந்தவர்கள் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டார்கள். யோசேப் கண்ணாடிப் பக்கம் திரும்பி இருந்தான்.

அதற்குப் பிறகு அவனைப் போல நல்ல பிள்ளை கிரின்ஸ்டெட்டில் இல்லை. வேலைக்குப் பிந்தமாட்டான், சைக்கிளை லைட் இல்லாமல் ஓடமாட்டான், அலுவலகத்துக்குப் போன் எடுத்தும் கரைச்சல் கொடுக்கமாட்டான். எல்லாம் அந்த ஃபைலுக்குப் பயந்துதான்.

அந்த மாரியில் கோயிலுக்குள் காய்ச்சல் பரவியது. பாதை பூட்டியிருந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. ஸ்ரெபானி செத்துப்போனாள். இங்கே செய்தி வந்து சேர்ந்தபோது பிள்ளையைத் தாட்டு இரண்டு கிழமை ஆகியிருந்தது. யோசேப் தொழிற்சாலைக்குப் போய் இறைச்சி வெட்டினான். வேறு என்ன செய்வான்?

புது வருடம் பிறந்த கையோடு ரிவியில் அந்தச் செய்தி வந்தது. தமிழரின் குடும்ப விண்ணப்பங்களை மேலிடத்துச் சொல்லின்படி பார்க்காமலே ஒதுக்கி வைத்திருந்தார்களாம், சட்டத்துக்கு விரோதமாக. நாடே கொதித்தது. பேப்பர் முழுக்க 'தமிழர் வழக்கு' என்று எழுதினார்கள். றொபேட் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, யோசேப் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு கேட்டான்.

"அப்ப என்ரை ஃபைலை ஒருத்தரும் திறக்கேல்லையே?"

"ஒருத்தற்றையும் திறக்கேல்லை அண்ணை."

"திறக்காத ஃபைலிலை எழுதிப்போடுவாங்கள் எண்டே என்னை எழுப்பினனி?"

றொபேட் அழுதான். அவனை என்ன சொல்லி என்ன? யோசேப்பைத்தான் அது அரித்தது. அன்றைக்குப் பொலிஸ் வரும்வரைக்கும் படுத்துக் கிடந்திருந்தால், இழுத்துக்கொண்டு போயிருந்தால், பேப்பரில் படம் வந்திருந்தால்! ஒரு காகிதம்கூடக் கெட்டிருக்காது. யாராவது ஒருவன் மேசை லாச்சியைத் திறந்து பார்த்திருப்பான். எழும்பினேனே பாவி, கட்டிலையும் விரித்துவிட்டு வந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

கோடைக்கு அருள்நாயகி வந்து சேர்ந்தாள், தனியாக. அவள் வந்த செய்தி கேட்டு, கிர்ஸ்டன் மூலம் இங்கர் கோப்பிக்குக் கூப்பிட்டாள். யோசேப் போகமாட்டேன் என்றுதான் நின்றான். "நீங்கள் படுத்த கட்டிலை நான் பாக்கவேணும்" என்றாள் அருள்நாயகி. இந்த முறை இருவரும் வெறுங்கையோடு போனார்கள்.

வீட்டில் வேறு ஆட்களும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளி அறை வாசலில் இப்போது ஒரு சிவப்புக் கயிறு. அதற்கு முன்னால் நின்று இங்கர் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "போன வருடம் ஒரு தமிழ் அகதி இதோ இந்தக் கட்டிலில் வந்து படுத்தார். அந்த நிமிடத்தில் எங்கள் எல்லோருக்கும் விளங்கியது." பொலிசுக்குப் போன் எடுக்கப் போனதை அவள் சொல்லவில்லை. நல்ல கூத்து. யோசேப்பைக் கண்டதும் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்தாள். பிறகு அருள்நாயகிக்காகக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

"என்னவாம்?"

"உன்னை அதிலை இருக்கட்டாம். படம் எடுக்கவாம்."

அருள்நாயகி உள்ளே போனாள். விரிப்பில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். "இது ஆருக்கு விரிச்சது?"

"வாற ஆக்களுக்கு எண்டு விரிச்சு வைச்சிருக்கினம்."

"பிள்ளையை நான் கோயில் வாங்குப் பலகையிலைதான் கிடத்தினனான்" என்றாள் அருள்நாயகி. "காய்ச்சலிலை உருண்டு விழுந்திடும் எண்டு சீலையாலை வாங்கோடை சேத்துக் கட்டினனான்."

அவள் என்ன சொல்கிறாள் என்று இங்கர் கேட்டாள். யோசேப் ஒரு சொல்லும் விடாமல் டெனிஷில் சொன்னான். இங்கர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், உண்மையாகத்தான் அழுதாள். அழுதபடியே குனிந்து, அருள்நாயகியின் கை பட்ட இடத்தில் விழுந்த சுருக்கத்தை நீவிவிட்டாள்.

படம் எடுக்கவில்லை. கோப்பியும் குடிக்கவில்லை. வாசல்மட்டும் கூட வந்த இங்கர், திரும்பவும் வரவேண்டும் என்று சொல்லி அவர்களுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழக்கதோசத்தில், போய் வருகிறோம் என்று சொல்ல யோசேப் வாயெடுத்தான். அருள்நாயகி அவனுடைய கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாயை மூடிக்கொண்டு வாங்கோ. செத்த வீட்டிலை போட்டு வாறம் எண்டு சொல்லுறேல்லை."