ரெண்டரை டிகிரி

அம்பின் வாலில் மூன்று இறகு. நேராக ஒட்டினால் அம்பு வேகமாகப் போகும். ஆனால் விடுகிற கை துளி பிசகினாலும் வழிநெடுக வாலை ஆட்டிக்கொண்டே போகும். சாய்த்து ஒட்டினால் அம்பு சுழலும், கையின் பிசகைப் பத்தடிக்குள் சரிசெய்துவிடும். அதற்குக் கூலியாக வேகத்தைப் பிடுங்கிக்கொள்ளும், தூரத்தில் தொப்பென்று விழும். இவ்வளவுதான் விஷயம். இதைப் பெரிய வித்தை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களை நான் நம்புவதில்லை.

நான் அம்பு விடுகிறவன் இல்லை. விடுகிறவள் என் பெண்டாட்டி, முப்பத்தோரு வருஷமாக. பின்னறையில், துணி துவைக்கிற மிஷினுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து இறகு ஒட்டுகிறவன் நான். இறகைப் பிடிக்க ஒரு கிளாம்பு, அதைச் சாய்க்க ஒரு திருகு, டிகிரி பார்க்க நான் பென்சிலால் கோடு போட்ட அட்டை. அவளுக்கு எப்போதும் ஒன்றரை டிகிரி. அவள் கை சுத்தம். அதற்கு மேல் சாய்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

மைதானத்தில் எனக்குப் பேர் சி.ஐ.டி. இறகுப் பொட்டலம் வந்தால் எல்லாவற்றையும் கொட்டி, இடது இறக்கை இறகோடு வலது இறக்கை இறகைக் கலந்திருக்கிறானா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். கலந்து ஒட்டினால் அம்புக்கு எந்தப் பக்கம் சுழல்வது என்றே தெரியாது. வியாபாரி கலப்பான். கலக்காத வியாபாரியை நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் மழை விட்டதும் அவள் அம்புகள் வாலாட்ட ஆரம்பித்தன. முதலில் கவனித்தது நான்தான். வில்லில் உரசி ஒரு இறகின் அடி தேய்ந்திருந்தது. வில்லைச் சந்தேகப்பட்டேன். நாணை மாற்றினேன். பசையை மோந்து பார்த்தேன். வியாபாரிக்குப் போன் போட்டேன்.

"நீ கலந்துட்டே."

"ஐயா, ஒவ்வொண்ணா பார்த்துப் பிரிச்சது."

"போன தடவையும் இதைத்தான் சொன்னே."

"போன தடவையும் கலக்கலையே, ஐயா!"

அவளுக்கு வலது கையிலிருந்து கரண்டி நழுவிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஊசி ஊசியாகக் குத்திப் பார்த்துவிட்டு, நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, திரும்பி வராது, ஒரு வருஷம் போனால் அந்தக் கையால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது என்றான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மிஷின் காட்டுது."

"மிஷின் தப்பாக் காட்டினா?"

மேஜைக்கடியில் அவள் என் காலை மிதித்தாள்.

நான் டாக்டரை நம்பவில்லை. அவளிடம் சொல்லாமல் ஆறு அம்பில் மூன்று டிகிரி சாய்த்து ஒட்டிக் கொடுத்தேன். ஆறும் ஆடாமல் அசையாமல் போய், குறிப்பலகைக்கு நாலடி முன்னால் மண்ணில் குத்தின. இரண்டு டிகிரி வைத்தேன். வாலும் ஆடியது, அம்பும் இறங்கியது. தூக்கிக் குறிபார்த்தால் எட்டுமே என்று கேட்பீர்கள். தூக்கினால் அவள் கை இன்னும் நடுங்கியது. வில், நாண், பசை, வியாபாரி என்று எல்லாரையும் கூண்டில் ஏற்றி இறக்கியாயிற்று. மிச்சம் இருந்தது அவள் கை ஒன்றுதான்.

ஐம்பது மீட்டர் வரிசையில் நிற்க வருஷத்துக்கு ஒரு பரீட்சை உண்டு. பன்னிரண்டு அம்பில் ஆறு பலகையில் குத்த வேண்டும். குத்தாவிட்டால் ஒரு வருஷம் மைதானத்துக்குள் வில்லைக் கொண்டுவரக் கூடாது. மைதானத்துக்காரர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார்.

"அக்கா, இதுல கையெழுத்துப் போட்டுட்டா பரீட்சையே வேணாம். பதினெட்டு மீட்டர் வரிசையில நில்லுங்க. காலத்துக்கும் நில்லுங்க."

"புதுசாக் கத்துக்கிற பிள்ளைங்க நிக்கிற அந்த நர்சரியிலயா, தம்பி?"

"நர்சரிக்கும் ஒரு டீச்சரம்மா வேணுமில்ல?"

அவள் சிரித்தாள். அவள் இடத்துக்கு மைதானத்துக்காரர் வேறு யாரையோ பிடித்து வைத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் காலை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தாள் பக்கத்தில் கிடந்தது, பேனாவும் எடுத்து வைத்திருந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேட்கிறேன். மழுப்பாம சொல்லுங்க. கோளாறு அம்புலயா, என் கையிலயா?"

"எதுக்கு இப்போ?"

"எல்லாரும் என்கிட்ட சர்க்கரையா பேசுறாங்க. நீங்க ஒருத்தர்தான் கல்யாணமான நாள்லேருந்து எனக்காக ஒரு வார்த்தை இனிப்பாப் பேசினதில்லை. அதான் உங்களைக் கேட்கிறேன். கைதான்னா சொல்லிடுங்க, கையெழுத்துப் போட்டுட்டு நர்சரிக்குப் போறேன்."

கத்தி வெங்காயத்தின் மேல் நிற்காமல் வழுக்கியது. அவள் அதைப் பார்க்காத மாதிரி மறுபடி வைத்தாள். மறுபடி வழுக்கியது.

"அம்புலதான்" என்றேன். "கிளாம்புத் திருகு தேஞ்சுபோச்சு. ரெண்டு மாசமா கோணல்மாணலா ஒட்டியிருக்கேன். நேத்துதான் பார்த்தேன்."

கத்தியைக் கீழே வைத்தாள். கண்ணில் வெங்காயத் தண்ணி வழிய வழியச் சிரித்தாள்.

"ஊரையே சந்தேகப்பட்டீங்க, உங்க திருகைச் சந்தேகப்படலையா? சி.ஐ.டி.யாம், சி.ஐ.டி! பாவம், அந்த இறகுக்காரனை என்ன பாடு படுத்தினீங்க!"

"சரி, சரி."

"அப்போ அந்த டாக்டர் சொன்னது?"

"அவன் கிடக்கான்."

தாளை நாலாகக் கிழித்து வெங்காயத் தோலோடு போட்டாள். "பன்னெண்டு அம்பு. ஒழுங்கா ஒட்டிக் குடுங்க" என்றாள்.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. மெல்லிய தண்டாகத் தேடினேன். இறகின் உயரத்தை வெட்டிக் குறைத்தேன். முனையை லேசாக்கினேன். ஒன்றரை வைத்தால் வாலாடும், மூன்று வைத்தால் எட்டாது. ஒட்டினேன், பிய்த்தேன், ஒட்டினேன். கடைசியில் ரெண்டரையில் நின்றேன். அது சரி என்று நிற்கவில்லை, வேறு போக்கிடம் இல்லாமல் நின்றேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் அவள் கதவுக் கைப்பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்துக்கொண்டு சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள். முன்னெல்லாம் நாற்பது வரை எண்ணுவாள். இப்போது இருபதில் நிறுத்திவிட்டு, ஜெயித்தவள் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பரீட்சையன்று காலை காற்றே இல்லை. முதல் நாலு அம்பும் பலகையில் குத்தின. மைதானத்துக்காரர் கை தட்டினார். ஒருத்தரையும் நம்பாத நான் அந்த ரெண்டரையை நம்பினேன். ஐந்தாவதும் ஆறாவதும் மண். ஏழாவது பலகையின் கீழ் ஓரத்தில் தொற்றிக்கொண்டது. பிறகு வரிசையாக நாலு மண். அவள் தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இன்னும் ஒன்று குத்த வேண்டும். மிச்சம் இருந்ததும் ஒன்று. அதை எடுத்தவள் நாணில் வைக்கவில்லை. இடது கட்டைவிரலால் மூன்று இறகையும் அடியிலிருந்து நுனிவரை மெதுவாகத் தடவினாள். முப்பத்தோரு வருஷம் என் இறகுகளைத் தொட்ட விரல். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒழுங்காத்தான் ஒட்டியிருக்கீங்க" என்றாள். "அப்படியும் மண்ணுலதான் விழுது. திருகு தேயவே இல்லை, இல்ல?"

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அவள் இழுத்து விட்டாள். வால் கொஞ்சம்கூட ஆடவில்லை. அவ்வளவு அழகாக ஒரு அம்பு போய் நான் பார்த்ததில்லை. பலகைக்கு இரண்டு ஜாண் முன்னால் புல்லில் குத்தி நின்றது.

மைதானத்துக்காரரிடம் போய்க் கெஞ்சினேன். வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாதவன். "புதுத் தாள் குடுங்க, பதினெட்டு மீட்டருக்கே வர்றோம்."

"பரீட்சைக்கு முன்னாடி கேட்டிருந்தா குடுத்திருப்பேன், ஐயா. இனி அடுத்த வருஷம்தான். எனக்கும் மேல ஆள் இருக்கு."

அடுத்த வருஷம். டாக்டர் சொன்னதும் அதே ஒரு வருஷத்தைத்தான்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். வில்லை நான் மடியில் வைத்திருந்தேன். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பேசினாள்.

"கைதான்னு சொல்லியிருந்தா தாளைக் கிழிச்சிருக்க மாட்டேன்."

"தெரியும்."

"பதினெட்டு மீட்டருக்கு அஞ்சு டிகிரி சாய்ச்சு ஒட்டியிருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்கும். என் கை எப்படி ஆடினாலும் அஞ்சு டிகிரி சரிபண்ணியிருக்கும். கடைசி வரைக்கும் விட்டிருப்பேன்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்பது நாள் அந்த மேஜையில் உட்கார்ந்தும் ஐம்பது மீட்டரைத் தவிர வேறு கணக்கே என் மண்டையில் ஓடவில்லை.

அந்த வாரமே ஐந்து டிகிரி வைத்து ஆறு அம்பு ஒட்டினேன். எதற்கு என்று கேட்காதீர்கள். பின்னறை மூலையில் சாத்தி வைத்திருக்கிறேன். துணி துவைக்க வரும்போது அவள் அதைத் தாண்டித்தான் போகிறாள். தொட்டதில்லை.

என்னோடு அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. சாப்பிடக் கூப்பிடுகிறாள், பட்டன் போட்டுவிடச் சொல்கிறாள், போட்டுவிடுகிறேன். ஆனால் மழை வரும் என்றால் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து பார்க்கிறாள். கதவைப் பூட்டிவிட்டேன் என்றால் போய் இழுத்துப் பார்க்கிறாள்.

இன்று காலை அவளுக்கு வெந்நீர் எடுத்து வைத்தேன். "கொதிக்குது, பார்த்து" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வலது கை விரல்களை உள்ளே விட்டாள். அந்த விரல்களுக்கு இப்போது சூடும் தெரிவதில்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் பிடித்து வெளியே இழுத்தேன்.