மூன்று மணி நேரம் ஆகவில்லை

என் நாத்தனார் எர்மீனியாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதைவிட ஒரு மூட்டை சிமெண்டை ஏற்றிக்கொண்டு போகலாம். சிமெண்டு வாயைத் திறக்காது. இவள் லிஸ்பனை விட்டுக் கிளம்பும்போதே ஆரம்பித்துவிடுவாள். ஜன்னலை மூடு, மெதுவாக ஓட்டு, பிள்ளைக்குத் தொப்பி எங்கே என்று வழிநெடுக ஒரே பாட்டு.

செப்டம்பர் மாதத்துக் கடைசி வெயில், ஞாயிற்றுக்கிழமை. ஊரே கடலுக்குக் கிளம்பியிருந்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கப்பரிக்கா கடற்கரை, பஸ்ஸிலேயே போய்விடலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் அந்தப் பேரையே எடுக்கக் கூடாது. எர்மீனியாவின் தம்பி தொமே ஆறு வயதில் அங்கேதான் போய்ச் சேர்ந்தான். சாப்பிட்ட வயிற்றோடு தண்ணீரில் இறங்கினான், வயிறு முறுக்கி ரத்தம் நின்றுவிட்டது என்பார்கள். அப்போது எர்மீனியாவுக்குப் பத்து வயது. என் கணவர் அதெலீனு அப்போது இன்னும் பிறக்கவே இல்லை.

அதனால் நாங்கள் எப்போதும் சிந்த்ரா மலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்துக் கடலுக்குத்தான் போவோம். லிஸ்பனில் வெயில் கொளுத்தும், மலையைத் தாண்டினால் பனி மூடிக் கிடக்கும். அன்று அதெலீனுவுக்கு வேலை இருந்தது. காரில் நான், எர்மீனியா, என் மகள் ஜசீந்தா மூன்று பேர்தான். பின்சீட்டில் தக்காளிச் சாதப் பானை, சூடு ஆறாமல் இருக்கப் பழைய செய்தித்தாளிலும் போர்வையிலும் சுற்றி, கைக்குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது.

பெரிய கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. குடைக்குக் குடை இடித்தது. பன் விற்கிறவர் வேறு கூடையைத் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டே வந்தார். சர்க்கரையில் புரட்டி, நடுவில் முட்டைக் கிரீம் வைத்த பொரித்த பன் என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை வராது? எர்மீனியா எப்போதும்போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் அதை வாங்கியோ தின்றோ நான் பார்த்ததே இல்லை. பல்லுக்கு ஆகாது என்பாள்.

பாறை முனையைச் சுற்றி அடுத்த குடாவுக்குப் போவோம் என்று சொன்னது நான்தான். மறைக்க என்ன இருக்கிறது? செப்டம்பரில் கடல் உள்வாங்கினால் எங்கேயோ போய்விடும். முனையடியில் ஈர மணல் ரோடு மாதிரி கிடந்தது. பானையையும் ஐஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு செருப்பு நனையாமல் போய்ச் சேர்ந்தோம். மூன்று பக்கமும் செங்குத்தான பாறை, முன்னால் கடல், ஒரு ஈ காக்கை கிடையாது. அப்பாடா என்றிருந்தது.

பனி விலகியதும் ஜசீந்தா நீச்சல் உடையோடு எழுந்து நின்றாள். அத்தை விடுவாளா? முதலில் சாப்பாடு, அப்புறம் மூன்று மணி நேரம் செரிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கடல். எங்கள் ஊரில் இதை எந்த அம்மாவும் மீற மாட்டாள். சாப்பிட்ட பிள்ளைகள் குடைக்கடியில் கைதிகள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். நானும் அப்படி உட்கார்ந்து வளர்ந்தவள்தான். "அப்போ சாப்பிடலன்னா உடனே போலாமா அத்தை?" என்று கேட்டாள் என் மகள். சாப்பிடாவிட்டால் அறைதான் கிடைக்கும் என்று பதில் வந்தது.

வறுத்த இறைச்சித் துண்டும் சாதமுமாக எர்மீனியா தட்டை நிரப்பிக் கொடுத்தாள். எனக்கு இரண்டு தட்டு. வேண்டாம் என்றால் அவளுக்குக் கோபம் வரும். ஜசீந்தா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். வீட்டில் ஒரு வாய்க்கு ஊரைச் சுற்றுகிறவள், அன்று சீக்கிரமே காலித் தட்டை நீட்டினாள். கடற்காற்று பசியைக் கிளப்பியிருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு.

கொஞ்சம் கண் அசந்திருப்பேன். விழித்தபோது அலைச் சத்தம் மாறியிருந்தது. எழுந்து முனையைப் பார்த்தேன். ரோடு மாதிரி கிடந்த மணலைக் காணவில்லை. அலை ஒன்று பாறையில் மோதி, திரும்பிப் போகும்போது முழங்கால் அளவுத் தண்ணீரை விட்டுவிட்டுப் போனது. அந்த மாதத்துக் கடல் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் ஏறும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் வந்து உட்கார்ந்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உடனே கிளம்பணும் என்றேன். எர்மீனியா முனையைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், ஜசீந்தாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"பிள்ள சாப்பிட்டிருக்கா. இன்னும் மூணு மணி நேரம் ஆகல. தண்ணியில எறக்க மாட்டேன்."

முழங்கால் தண்ணீர்தான், தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். அலை அடித்தால் முழுசும் நனைவாள் என்றாள். இங்கே இருந்தால் எல்லாருமே முழுகிப்போவோம் என்றேன். ஓரமாகப் பாறையை ஒட்டி நின்றால் போதும், கடல் தானாக இறங்கும் என்றாள். அந்த ஓரப் பாறையில் என் தலைக்கு மேலே வரை பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. கடல் அதுவரை ஏறும் என்று அதைக் காட்டினேன். அவள் பார்க்கவே இல்லை. கைபேசியை எடுத்தால் சிக்னல் செத்துக் கிடந்தது. உயிர்காப்பாளர்களோ சீசன் முடிந்து போன வாரமே மூட்டை கட்டியாகிவிட்டது.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு அலை வந்து போர்வையை நனைத்தது, ஐஸ் பெட்டி மிதந்தது. நான் ஜசீந்தாவின் கையைப் பிடித்து இழுத்தேன். எர்மீனியா அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை நடுவில் அலறினாள். அந்த நிமிஷம் எர்மீனியாவை அடித்திருப்பேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். உதடெல்லாம் வெளுத்து, பத்து வயதுப் பெண் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தாள். வீம்புக்குப் பிடிக்கவில்லை, பயத்தில் பிடித்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

"அத்தை, நான் சாப்பிடல," என்றாள் ஜசீந்தா.

இருவரும் பிடியைத் தளர்த்தினோம்.

"மண்ணுக்குள்ள பொதச்சிட்டேன். கறி, சோறு எல்லாம். சீக்கிரம் குளிக்கலாம்னு. சொன்னா அடிப்பீங்கன்னு சொல்லல."

எங்கே என்று எர்மீனியா கேட்டாள். பிள்ளை காட்டிய இடத்தில் இரண்டு கையாலும் தோண்டினாள். அலை வந்து குழியை மூடியது, மறுபடி தோண்டினாள். நேரம் போகிறதே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் மணல் அப்பிய இறைச்சித் துண்டு ஒன்று கையில் வந்தது. அதைத் தங்கக் காசைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிள்ளையை எடுத்து என் தோளில் தானே உட்காரவைத்தாள்.

"போ. சீக்கிரம் போ," என்றாள். அவள் நகரவில்லை.

அதைப் பேச நேரமில்லை. நான் இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது, ஐஸ் மாதிரி குளிர். சாப்பிட்ட இரண்டு தட்டும் நினைவுக்கு வந்தன. சின்ன வயதிலிருந்து கேட்டு ஊறிப்போன பயம் எங்கே போகும்? பெரிய அலை மோதித் திரும்பும் இடைவெளியில், மட்டிச் சிப்பிகள் ஒட்டிய பாறையைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தேன். உள்ளங்கை கிழிந்தது. ஒரு அலை மார்பில் அறைந்து காலை வாரியது. ஜசீந்தா என் தலைமுடியை வேரோடு பிடித்துத் தொங்கினாள். எழுந்தேன். முனைக்கு அந்தப் பக்கம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்து ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

மீட்புப் படகுக்குப் போன் செய்கிறேன், திரும்பிப் போகாதே என்றார். படகு வரும்வரை அந்த மனுஷிக்கு நிற்க இடம் இருக்காது. அவளை விட்டுவிட்டு அதெலீனு முகத்தில் எப்படி முழிப்பேன்? அதெலீனுவை விடுங்கள், எனக்கே மனசு கேட்கவில்லை. திரும்பினேன்.

எர்மீனியா பாறையோடு முதுகை ஒட்டி நின்றிருந்தாள். தண்ணீர் அவள் தொடையைத் தொட்டது. வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"நான் வயிறு முட்ட சாப்பிட்டிருக்கேன், சுல்மீரா. எனக்கு ஆகாது. பிள்ள போயிட்டா, அது போதும்."

"நானுந்தான் சாப்பிட்டேன் அக்கா. ரெண்டு தட்டு. நீங்கதான போட்டீங்க? ரெண்டு தடவை தண்ணிய தாண்டிட்டேன். தல வரைக்கும் முழுகிட்டேன். நல்லா பாருங்க, உயிரோடதான நிக்கிறேன்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கையை நீட்டி, நனைந்த துணியோடு என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இந்த முறை தண்ணீர் மார்புக்கு மேல். வழியில் அவளுக்குக் கால் எட்டாமல் போனது. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தேன், கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி இழுத்தேன். முனையில் அந்தத் தூண்டில்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கை கொடுத்தார்.

மணலில் விழுந்து மூச்சு வாங்கினோம். யாரோ துண்டு போர்த்தினார்கள். எர்மீனியா உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். குடாவுக்குக் கூட்டிப்போனது நான்தானே.

"தொமேவுக்கு அன்னிக்கு நாந்தான் பன்னு வாங்கிக் குடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாம," என்றாள். "இன்னொண்ணுன்னு அழுதான். அதையும் குடுத்தேன். தின்னுட்டு ஓடுனான். யார்கிட்டயும் சொல்லல. அந்தப் பன்னாலதான்னு இத்தன வருஷமா..."

பிறகு, "நீ ரெண்டு தட்டு சாப்பிட்டியே," என்றாள்.

இவ்வளவு வருஷம் இவளை என்னென்ன பேசியிருக்கிறேன்.

"அது பன்னு இல்லக்கா," என்றேன். "கடல்."

அவள் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதாள். சுற்றி நின்றவர்கள் தண்ணீர்ப் பயம் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். நானும் அழுதேன். ஜசீந்தாதான் எங்களுக்கு நடுவில் வந்து நின்று, பசிக்கிறது என்றாள். பாவம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே.

பன் விற்கிறவர் கூடையோடு வந்துகொண்டிருந்தார். எர்மீனியா மூக்கைத் துடைத்துக்கொண்டு கையைத் தட்டி அவரைக் கூப்பிட்டாள். என் சட்டைப்பையில் நனைந்து கிடந்த சில்லறையை வாங்கிக்கொண்டு, தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பிள்ளை கையில் கொடுத்தாள். ஜசீந்தா ஒரு கடி கடித்தாள். மூக்கில் சர்க்கரையும் வாயில் கிரீமுமாக, நுரை வந்து போகிற ஈர மணல்வரை நடந்தாள். அங்கே நின்று, பழக்கதோஷத்தில், அத்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

எர்மீனியா எழுந்தாள். ஒரு செருப்பு கடலோடு போயிருந்தது, மற்றதையும் கழற்றிப் போட்டாள். போய்ப் பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் அளவு நுரையில் அவளோடு நின்றாள்.

"மெதுவா மென்னு தின்னு," என்றாள்.