இரண்டு பக்கம் சாய்ந்த இலைகள்

பூத்தையல் துணியைச் சட்டத்திலிருந்து அவிழ்த்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தபோதுதான் அந்தக் கண்றாவி தெரிந்தது. ஒரு பாதியில் இலைகள் பளபளத்தன. மறுபாதியில் அதே நூல், அதே பச்சை, ஆனால் இருண்டு கிடந்தது.

"அண்ணி, போச்சு," என்றாள் நொட்டாங்கை. இடது கையால் தைப்பதால் பட்டறையில் அவளுக்கு அந்தப் பெயர்தான்.

அண்ணி எட்டிப் பார்த்தாள். வலது மணிக்கட்டு வீங்கி ஊசி பிடிக்க முடியாமல் போனதும், பாதியில் நின்ற துணியை நாத்தனாரிடம் தள்ளியது அவள்தான். ஒரு துணியை ஒரே கைதான் முடிக்க வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வலது கைக்காரியின் தையல் ஒரு பக்கம் சாய்ந்தால் இடது கைக்காரியின் தையல் எதிர்ப்பக்கம் சாயும். குழல் விளக்கில் அது தெரியாது, பகல் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். தெரிந்தேதான் செய்தார்கள். துணி முடியாவிட்டால் அண்ணியின் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அண்ணனோ வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

"பிரிச்சுடவா?"

"எங்கேர்ந்து பிரிக்கிறது? கடைக்கார அம்மா மாடிப்படி ஏறியாச்சு."

கையால் செய்ததை மட்டுமே விற்கும் பெரிய கடை அந்த அம்மாவுடையது. வந்ததும் துணியை வாங்கி வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பினார். பின்னால் நின்ற பட்டறை முதலாளியின் முகம் சுண்டிப்போனது. அண்ணி வீங்கிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஒரே நூல்தானே? இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் நிழல் மாதிரி இருக்கே. யோசிச்சுப் பண்ணதா?"

முதலாளி முன்னால் வந்தார். "யோசிக்காம பண்ணுவோமாம்மா? இதுக்குன்னே ரெண்டு பேரை வெச்சிருக்கேன்."

"இனிமே எனக்கு எல்லாமே இப்படித்தான் வேணும். மனுஷக் கை பட்டது தெரியணும், அதுக்குத்தான் என் கடைக்கு வர்றாங்க."

அவர் இறங்கிப் போனதும் அண்ணி நூல் மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். "மகராசி, வயித்துல பாலை வார்த்துட்டுப் போறாங்க," என்றாள். நொட்டாங்கைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

முதலாளி திரும்பி வந்தார். "கை எப்போ சரியாகும்?"

"வீக்கம் வடியுதுங்க. அடுத்த வாரம் ஊசி பிடிச்சிடுவேன்."

"பிடிச்சாகணும். உன் கை இல்லாம இந்த வேலை நடக்காது."

இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ரெண்டு பேரும் இனி ஒரே சட்டத்துல உட்காருங்க. துணி ஒன்னு, அதனால கூலியும் ஒன்னு. ஒரே குடும்பம்தானே, வீட்ல பிரிச்சுக்குங்க."

நொட்டாங்கை பேச வாயெடுத்தாள். அண்ணி அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, "சரிங்க, சரிங்க," என்றாள்.

வீக்கம் வடிந்து அண்ணி வேலைக்கு வந்த அன்று, நொட்டாங்கையின் சட்டத்தையும் முக்காலியையும் ஒரு புது ஆளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

"இன்னொரு முக்காலி கேக்கவா அண்ணி?"

"சும்மா இருடி. கேட்டு, அந்த மனுஷன் மனசு மாறிடப் போகுது."

அண்ணி நகர்ந்து இடம் விட்டாள். ஆளுக்குப் பாதி முக்காலியில் ஒட்டி உட்கார்ந்து, கீழே சரியாமலிருக்க வெளிப்பக்கக் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, இருவரும் ஊசியில் நூல் கோத்தார்கள்.