இடது கை பாக்கெட்டில்

1

மின்சாரத்துக்குப் பயப்படாத ஒரே தமிழ் எழுத்தாளன் நான்தான். தீர விசாரித்த பிறகே இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் மரணம், காலம், தனிமை எல்லாவற்றையும் நேருக்கு நேர் பார்ப்பார்கள். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடச் சொன்னால் நழுவிவிடுவார்கள்.

இந்தக் கதை அந்தத் துணிச்சலில் பிறந்தது. திங்கட்கிழமை இப்படித் தொடங்கியிருந்தேன்:

“பரமசிவம் பிறக்கும்போதே இடது கை பாக்கெட்டில் இருந்தது.”

பல்கலைக்கழக இதழுக்கான நகைச்சுவைக் கதை. எழுதிவிட்டு நானே இரண்டு முறை சிரித்தேன். இப்போது வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே கால். தோ பாயோ அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பு வரவில்லை. எனக்கு எட்டும் தூரத்தில், புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில், அடிப்பக்கம் திறந்தபடி ஒரு ஆம்ப்ளிஃபையர் ஒருக்களித்துக் கிடக்கிறது. ஆறு மணிக்கு அம்மா வேலை முடிந்து வருவார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் முன் வீடு முழுவதையும் ஈரத்துணியால் துடைப்பார். கீழ்த்தட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

2

முதலில் ஸ்பீக்கர்கள் வந்தன. குவீன்ஸ்டவுனில் என் நண்பன் ஃபஹத் வீட்டு லிஃப்ட் வாசலில், “வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளவும்” என்ற சீட்டோடு நின்றன. இடுப்பளவு உயரம். இவற்றுக்கு வால்வு ஆம்ப்ளிஃபையர்தான் பொருத்தம் என்றான் ஃபஹத். கண்ணாடிக் குழாய்கள் ஆரஞ்சு நிறத்தில் எரியுமே, அது. கடையில் விலை கேட்டேன். கடைக்காரர் முதலில் உட்காரச் சொன்னார். உட்காரச் சொல்லிவிட்டு விலை சொல்லும் கடையில் மாணவன் எதையும் வாங்க முடியாது.

பழைய சாமான் விற்கும் இணையப் பக்கத்தில் ஒன்று கிடைத்தது: “டியூப் ஆம்ப். நூற்றைம்பது வெள்ளி. சின்ன வேலை ஒன்று பாக்கி.”* விற்றவர் பரமசிவம். கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியன், கிராஞ்சியில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியில் இருப்பவர், என்னைவிட நான்கைந்து வயதுதான் பெரியவர். குப்பைக்குப் போக இருந்ததை எடுத்துச் சரிசெய்திருந்தார்.

* கடைசி வாக்கியத்தை நானும் படித்தேன். படிக்கவில்லை என்று பின்னால் சொன்னால் நம்பாதீர்கள்.

3

போன ஞாயிற்றுக்கிழமை டன்லப் தெருவில், நசீர் பாயின் கைப்பேசிக் கடையில் வைத்துச் சோதித்தோம். [இங்கே லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமை மணத்தை வர்ணிக்க வேண்டும். மல்லிகை, மசாலா என்று எழுதி அடித்துவிட்டேன். அன்று அங்கே பினாயில் மணம்தான் அடித்தது.]

பரமசிவம் வலது கையால் மட்டும் ஆம்பைச் சாய்த்து, அடித்தகட்டைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். இடது கை பாக்கெட்டைவிட்டு வரவே இல்லை.

“என்னண்ணே, போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?”

“சிரிங்க தம்பி. ரெண்டு கையும் உள்ள போச்சுன்னா, கரெண்ட் இந்தக் கையில ஏறி நெஞ்சு வழியா அந்தக் கையில இறங்கும். ஒரு கைன்னா நெஞ்சு தப்பிக்கும்.”

“கை போனா?”

“அதான் ரெண்டு குடுத்திருக்கான்ல.”

நசீர் பாய் கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார். “இவன் டீ குடிக்கும்போதும் அப்படித்தான் தம்பி. கை வெளிய வந்தா கூடவே காசும் வந்துடும்னு பயம்.”

பரமசிவம் சிரிக்கவில்லை. “கரெண்டை வடிக்கிற ரெசிஸ்டர் ஒண்ணு உடைஞ்சிருக்கு. அடுத்த ஞாயிறு மாத்தித் தர்றேன். அதுவரைக்கும் பாட்டுக் கேளுங்க, திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள கரெண்ட் தங்கும். முந்நூறு வோல்ட்டுக்கு மேல.”

“எவ்வளவு நேரம் தங்கும்?”

“அது அதோட இஷ்டம்.”

தகட்டை மூடிவிட்டு, இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு வயரைக் கொடுத்தார். “உள்ள நிக்கிறதை இறக்குறதுக்கு. உங்களப் பாத்தா திறக்குற ஆள் மாதிரிதான் தெரியுது.”

மறுநாள் கேன்டீனில், இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பரோட்டா பிய்த்துக் காட்டினேன். மேசையே சிரித்தது.

4

நான் அதைத் திறந்தது ஒரு வர்ணனைக்காக.

“ஆம்பின் உட்புறம் ________ போல இருந்தது” என்று எழுதிவிட்டு, கோடிட்ட இடம் நிரம்பாமல் உட்கார்ந்திருந்தேன். கடையில் பார்த்தபோது உள்ளே பார்க்காமல் அவர் பாக்கெட்டைத்தானே பார்த்தேன்? இன்று நாலரை மணிக்கு இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, சாய்த்து, தகட்டைக் கழற்றினேன். நான்கு திருகாணிகள். நான்காவது உள்ளே விழுந்துவிட்டது. உள்ளே வயர்கள் இருந்தன. அவை வயர்களைப் போலவே இருந்தன.

திருகாணியை எடுக்க விரலை நீட்டும் முன், பெருமைக்காகப் பரமசிவத்துக்கு ஒரு படம் அனுப்பினேன். அந்தப் பெருமைதான் காப்பாற்றியது. உடனே குரல் செய்தி வந்தது.

“தம்பி, கையை எடுங்க. எடுத்துட்டீங்களா? எடுத்துட்டுப் பதில் போடுங்க.”

பின்னால் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல். எடுத்துவிட்டேன் என்று போட்டேன். அடுத்தது:

“அந்த நீல டப்பாவுலதான் கரெண்ட் நிக்குது. திருகாணி அதை ஒட்டித்தான் கிடக்கு. ஒரு கிளிப்பை ஆம்போட இரும்பு பாடியில மாட்டுங்க, இன்னொண்ணை டப்பா காலுல. ஒரு நிமிஷம் விடுங்க. அப்புறம் எடுங்க. இடது கை எங்க இருக்கணும்னு தெரியும்ல?”

பிறகு அவர் கைப்பேசியை எடுக்கவில்லை.

5

வயரை மாட்டாமல் தகட்டை அப்படியே மூடிவிடலாமே என்பீர்கள். திருகாணி உள்ளே உருளும். எதன்மேல் போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. தூக்கி வேறு இடத்தில் வைத்தாலும் உருளும்.

அம்மாவிடம் சொல்லிவிடலாமே என்பீர்கள். அம்மா சுதா பாலர் பள்ளி ஆசிரியை; வேலை நேரத்தில் அவர் கைப்பேசி லாக்கரில் இருக்கும். ஆறு முறை அழைத்துவிட்டேன். வாசலில் நின்று சொல்லலாம். சொல்வேன். ஆனால் புதன்கிழமை நடந்தது இது:

“டேய் நிதீஷ், இது ஷாக் அடிக்குமா? வெள்ளிக்கிழமை துடைக்கணும்.”

“பிளக்கைப் பிடுங்கிட்டா வெறும் பெட்டிம்மா. தண்ணி ஊத்திக் கழுவுங்க.”

“நெஜமா?”

“நான் என்ன ஆர்ட்ஸ் ஸ்டூடண்டா?”

நான் ஆர்ட்ஸ் ஸ்டூடண்ட்.

இன்னொன்றும் உண்டு. போன மாதம் வாஷிங் மெஷினைத் தொட்டு, துடிதுடித்து, நாக்கைத் தள்ளிக்கொண்டு சமையலறையில் விழுந்தேன். அம்மா ஓடிவந்தார். நான் கண்ணடித்தேன். கரண்டியால் ஒரு அடி போட்டுவிட்டுச் சொன்னார்: “இனிமே நீ நெஜமா விழுந்தாலும் நான் திரும்பிப் பாக்கமாட்டேன் லா.”

இன்று நான் “தொடாதீங்கம்மா” என்று கத்தினால், அம்மாவின் காதில் அது எப்படி விழும்?

6

முடிவு அ: அம்மா வருகிறார். நான் கத்துகிறேன். “ஆரம்பிச்சிட்டான்” என்று சிரித்தபடி வாளியில் துணியை நனைத்துப் பிழிகிறார். கீழ்த்தட்டுக்குக் குனிந்து

[முடிவு அ கைவிடப்பட்டது. எவ்வளவு மோசமான நகைச்சுவையையும் பாதியில் விட்டவன் இல்லை நான். இந்த வாக்கியத்தை முடிக்க விரல் போகவில்லை.]

முடிவு ஆ: அம்மா மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் தாமதமாக வருகிறார். அதற்குள் மின்சாரம் தானாகவே இறங்கிவிடுகிறது. (கோழை எழுதிய முடிவு. மூன்று முறை திருத்தி எழுதினேன்.)

முடிவு இ: பரமசிவம் வந்து காப்பாற்றுகிறார். வேலை முடிந்த கிராஞ்சி விடுதிக்காரர்களை ஏற்றிவரும் லாரி தோ பாயோ பன்னிரண்டாம் மாடிக்கு வராது.

7

ஐந்து நாற்பத்தெட்டு.

இழுப்பறையிலிருந்து வயரை எடுத்தேன். உள்ளங்கை வேர்த்திருந்தது. இரண்டு முறை துடைத்தேன். மறுபடியும் வேர்த்தது. ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டேன். கழற்றிய மூன்று திருகாணிகளையும் வரிசையாக அடுக்கினேன், ஏதோ அது முக்கியம் என்பதுபோல.

பிறகு ஒரு சிக்கல். வீட்டில் போடும் இந்த அரைக்கால் சட்டைக்குப் பாக்கெட் இல்லை.

அறைக்குப் போய்ப் பேண்ட் மாற்றிக்கொண்டு வந்தேன்.

ஐந்து ஐம்பத்திரண்டு. லிஃப்ட் மணி கேட்கிறது. எங்கள் மாடியா, கீழ்மாடியா என்று தெரியவில்லை.

இந்தப் பத்தி மெதுவாக வருவதற்கு மன்னிக்கவும். ஐந்து விரல்களால் தட்டுகிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இரண்டு கைகளும் சும்மாதானே இருக்கின்றன? என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அம்மாவை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிறுத்திவையுங்கள், செருப்பு வாரைக் கழற்றவோ, சாவியைத் தேடவோ.

என் வலது கை இந்த வாக்கியத்தை முடித்துவிட்டு வயரை எடுக்கும்.